படகும் சுமைதாங்கியும்

பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டின் வடபுறச் சுவரை ஒட்டிக் கயாக் படகொன்று தொங்குகிறது. கடலும் காயலும் இல்லாத ஊரில் படகு எதற்கு என்று வருவோர் வினவுவது வழக்கம். அதற்கு விடை எளிது. எங்கள் சிற்றூர்ப் புழையும் பிற கிளையாறுகளும் சேர்ந்த பாரதப்புழை, பொன்னானியில் கடலோடு கலக்கும் இடத்தில் அகன்ற நீர்ப்பரப்பாக விரிந்து கிடக்கிறது. மழைக்காலம் ஓய்ந்தபின் விடியற்காலையில் அங்கே சென்று துடுப்பு வலிப்பது என் மகனும் நானும் பல ஆண்டுகளாகக் கைக்கொண்ட பழக்கம். இரண்டாவதாக எழும் வினாதான் கடினமானது. "இத்தனை பெரிய படகை நீங்கள் ஒருவராகவா வண்டியில் ஏற்றுகிறீர்கள்?" என்பது அது.

ஆம், ஒருவனாகவே ஏற்றுகிறேன். எவ்வாறு என்பதை எழுதும்படி நம் சங்கத்து அன்பர் சிலர் கேட்டுக்கொண்டதால் இதனை எழுத முற்பட்டேன். படகு வைத்திராதவர்களும் இதைப் படிக்கலாம். நீண்ட ஏணி, தேக்குச் சட்டம், கட்டிற் பலகை, தகர ஓடு என்று தனியொருவர் எடுத்துக் கையாள வேண்டியவை நம் இல்லங்களிலும் உண்டன்றோ? பிள்ளைகள் வெளிநாடு சென்றுவிட, முதியோர் இருவர் மட்டும் எஞ்சியிருக்கும் வீடுகள் நம்மிடையே பெருகிவிட்டன. அத்தகைய வீடுகளில் 'ஒரு கை பிடி' என்று அழைத்தால் ஓடிவர ஆளில்லை.

என் மகன் தன் முதல் ஊதியச் சேமிப்பில் வாங்கிய படகு இது. இருவர் அமரக்கூடியது. இப்பொழுது அவன் கனடா நாட்டில் இருக்கிறான். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசும்பொழுது, "அப்பா, அதை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டால் அங்கே யார் இருக்கிறார்கள்?" என்று சொல்லுவான். அறுபத்து நான்கு வயதுக் கிழவனிடம் மகன் சொல்லத்தக்க சொல்லே அது, நான் கோபங்கொள்ளவில்லை. ஆயினும், தூக்க இயலாது என்ற ஒரே காரணத்தால் ஒரு பொருளை வீட்டை விட்டு அனுப்பத் தொடங்கினால், அது எங்கே போய் நிற்கும் என்று எண்ணிப் பார்த்தேன். இன்று படகு போகும். நாளை மாடியறைப் புத்தகங்கள் போகும். அதன்பின் கொல்லைப்புறத் தோட்டம் போகும். இடுப்பையும் காத்துக்கொள்ள வேண்டும், படகையும் விடக்கூடாது. இதற்கு வழி உண்டா என்பதே என் முன் நின்ற கேள்வி.

முதலில் படகைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கயாக் என்பது கிரீன்லாந்திலும் வட அமெரிக்காவின் பனிக்கடலோரங்களிலும் வாழும் இனுயிட் மக்கள் வேட்டைக்கெனச் செய்த படகு. கடல் ஒதுக்கிய மரத்துண்டுகளால் சட்டம் அமைத்து, அதன்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைப்பார்கள். மரமே முளையாத நாட்டில் பிறந்த அப்படகு, வேட்டைக்காரன் ஒருவனே தூக்கிக்கொண்டு பனியின்மேல் நடக்கக்கூடிய அளவுக்கு இலேசானது. நம் சுவரில் தொங்குவதோ பெயரளவில்தான் அதன் வழித்தோன்றல். பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக் தூளை அச்சில் இட்டு, சூடேற்றிச் சுழற்றி வார்த்தெடுத்தது. பாறையில் மோதினாலும் உடையாது, விலையும் குறைவு, எடைதான் மிகுதி. 3.6 மீட்டர் நீளமும் 34 கிலோ எடையும் உடையது எங்கள் படகு.

நம்மவர்களும் இவ்வகையில் சளைத்தவர்கள் அல்லர். காவிரியிலும் பவானியிலும் ஓடும் பரிசலை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். மூங்கிற்பட்டைகளை வட்டமாகப் பின்னி, முன்னாளில் தோலும் பின்னாளில் தார் பூசிய சாக்கும் பிளாஸ்டிக் விரிப்பும் போர்த்தி அதைச் செய்தார்கள். ஓடக்காரன் கரையேறியதும் அதைக் கவிழ்த்துத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, பெரிய குடையொன்று நடந்து போவதுபோல வீட்டுக்குப் போய்விடுவான். கடற்கரை மீனவரின் கட்டுமரம் இன்னும் நுட்பமானது. கரைக்கு வந்தவுடன் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மேட்டுக்குக் கொண்டுபோய் உலர்த்துவார்கள். நீரை உறிஞ்சிய மரம் உலர்ந்தால்தான் மறுநாள் நன்றாக மிதக்கும், சுமையும் பிரிந்துவிடும். ஒரே செயலில் இரண்டு பயன். ஆங்கிலேயர் தம் மொழிக்கு எடுத்துச் சென்ற 'கட்டமரான்' என்ற சொல்லுக்குள் நம் கட்டு என்ற சொல் இருக்கிறது. அக்கட்டை அவிழ்க்கும் அறிவை அவர்கள் எடுத்துச் செல்லவில்லை போலும். இப்படகுகளைச் செய்தவர்கள் மிதப்பதை மட்டுமே கருதவில்லை. கரையேறிய பின் யார் தூக்குவது என்பதையும் சேர்த்தே கருதினார்கள். அச்சில் வார்த்த படகுக்கு அந்தக் கருத்து இல்லை. ஆகவே அதனை வீட்டார்தாம் பின்னர் சேர்க்க வேண்டியிருக்கிறது.

34 கிலோ என்றவுடன் அன்பர் சிலர் நகைக்கக்கூடும். 50 கிலோ அரிசி மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு படியேறும் தொழிலாளரை நாள்தோறும் காண்கிறோம். 1967இல் ஜெனீவாவில் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும், வளர்ந்த ஆண் தொழிலாளி ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்றுதான் பரிந்துரைத்தது. ஆனால் பிற்கால ஆராய்ச்சி அவ்வளவு தாராளமாக இல்லை. அமெரிக்காவின் தேசியத் தொழிற்பாதுகாப்பு நிறுவனம் 1991இல் வகுத்த கணக்கின்படி, எல்லா நிலைமையும் சாதகமாக இருந்தாலும் கையால் தூக்குவதற்கு 23 கிலோவே உச்சவரம்பு. சுமை உடலிலிருந்து விலக விலக, தரையிலிருந்து குனிந்து எடுக்க எடுக்க, இடுப்பைத் திருப்பத் திருப்ப, அந்த 23ம் குறைந்துகொண்டே போகும்.

படகின் வில்லங்கம் அங்கேதான் இருக்கிறது. மூட்டை உடலோடு ஒட்டிக்கொள்ளும், படகு ஒட்டாது. அதன் நடுவைப் பிடித்துத் தூக்கினால் இருபுறமும் ஆறு ஆறு அடி நீண்டு, ஒருமுனை தாழும்பொழுது மறுமுனை உயர்ந்து, நம்மைத் துலாக்கோலின் நாக்கைப்போல ஆட்டிவைக்கும். எடையைவிட அந்த ஆட்டத்தைத் தடுக்க முயலும் கணத்திலேதான் முதுகு பிடித்துக்கொள்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர், என்னிலும் பத்து வயது இளையவர், தண்ணீர்க் குழாய்க்கான நீண்ட இரும்புக் குழல் ஒன்றைத் தனியே தூக்கித் திரும்பியதில் மூன்று மாதம் படுக்கையில் கிடந்தார். குழலின் எடை 20 கிலோவுக்கும் குறைவு.

ஆதலின் நான் கொண்ட விதி ஒன்றே: படகு முழுவதையும் எக்கணத்திலும் தூக்குவதில்லை. ஒருமுனை எங்கேனும் ஊன்றியிருக்க, மறுமுனையை மட்டும் எடுப்பது. அப்பொழுது கைக்கு வருவது பாதி எடை, அதாவது 17 கிலோ. மற்றப் பாதியை நிலமோ சுவரோ வண்டியோ தாங்கிக்கொள்கிறது. பள்ளியில் நெம்புகோல் பாடம் நடத்தியவனுக்கு இது புதிதன்று. ஆயினும் இதனை நான் முதன்முதல் கண்டது பாடநூலில் அன்று. மூணாற்றுத் தேயிலை மலையிலே கண்டேன்.

நான் பிறந்தது மூணாற்றை அடுத்த எஸ்டேட் லயம் ஒன்றில். பணியின் நிமித்தம் பாலக்காட்டுப் பக்கம் வந்து, தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியனாக இருந்து, இங்கேயே வீடு கட்டிக்கொண்டவன். எங்கள் முன்னோர் அம்மலைக்கு ஏறியதே சுமையோடுதான். 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908இல் சிறு இரயில் வந்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் இறங்கின. 1924ஆம் ஆண்டு வெள்ளம் அந்த இரயில் பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. இவையெல்லாம் வரலாற்று நூல்களில் இருக்கின்றன. போடிப் பக்கத்திலிருந்து மலைப்பாதையில் தலைச்சுமையாக அரிசியும் பாத்திரமும் கொண்டு ஏறியவர்களின் கணக்கு எந்த நூலிலும் இல்லை. எங்கள் பாட்டிமார் வாயில்தான் இருந்தது.

என் தாயார் கொழுந்து பறித்தவர். மாலையில் நிறுவைக்குப் போகும் நேரத்தில், நிரம்பிய சாக்கைத் தலையில் ஏற்ற ஒருத்திக்கு மற்றொருத்தி கை கொடுப்பாள். 'தூக்கிவிடடி' என்பதே அம்மலையில் மிகுதியாகக் கேட்கும் சொல். ஒவ்வொருத்தியாக ஏற்றிக்கொண்டு போனபின் கடைசியில் ஒருத்தி நிற்பாள் அல்லவா, அவளுக்கு யார் தூக்கிவிடுவது? பல நாள் என் தாயாரே அக்கடைசி ஆள். அவர் சாக்கைத் தரையிலிருந்து தூக்கவே மாட்டார். சரிவில் கட்டியிருக்கும் கல்வரப்பின்மேல் அதை முதலிலேயே வைத்திருப்பார். வரப்பின் கீழ்ப்புறம் இறங்கி நின்றால் சாக்கு அவர் தோள் உயரத்துக்கு இருக்கும். தலையில் சும்மாட்டை வைத்து, சற்றே முழங்கால் மடக்கி, சாக்கைத் தம்பக்கம் சாய்ப்பார்; அது தானே வந்து தலையில் அமரும். நிமிர்ந்து நடந்து போய்விடுவார். பையன்களாகிய நாங்கள் அதை ஒரு வித்தையென்று வியந்து பார்த்தோம். அவர் சாக்கை எங்கே வைத்துப் பறித்தார் என்பதை நாங்கள் கவனிக்கவில்லை. வரப்பு இருக்கும் இடம் பார்த்து, மாலைப்பொழுதை முற்பகலிலேயே நினைத்து அவர் சாக்கை வைத்திருக்கிறார்.

இதே அறிவைத்தான் நம் முன்னோர் சாலையோரங்களில் கல்லாக நட்டு வைத்தார்கள். இரண்டு கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்திய சுமைதாங்கியை அன்பர்கள் தமிழ்நாட்டுப் பழைய சாலைகளில் கண்டிருக்கலாம். மலையாளத்தில் இதனை அத்தாணி என்பர். சுமடுதாங்கி என்றும் வழங்குவர். திருச்சூர், எறணாகுளம் மாவட்டங்களில் அத்தாணி என்ற பெயருடைய ஊர்களே இருக்கின்றன. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக, அவள் இறக்கி வைக்காது சென்ற சுமையை எண்ணி, உறவினர் சுமைதாங்கி நடுவது நம் நாட்டு வழக்கம். துயரத்தைப் பயனாக்கிய அவ்வழக்கைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். இங்கே கருதவேண்டியது அதன் உயரம். வழிப்போக்கன் தலைச்சுமையைக் குனியாமல் அதன்மேல் தள்ளிவிடலாம். இளைப்பாறியபின் பிறர் உதவியின்றி மீண்டும் தலைக்கு வாங்கலாம். தரைக்கே போகாத சுமைக்குத் தூக்கிவிட ஆள் தேவையில்லை.

ஆகவே, படகை வண்டியில் ஏற்றுவதன் பெரும்பகுதி அதை வீட்டில் எங்கே, எந்த உயரத்தில் வைக்கிறோம் என்பதிலேயே முடிந்துவிடுகிறது. தரையில் கிடத்தினால் ஒவ்வொரு முறையும் குனிந்து எடுக்க வேண்டும். சிலர் செய்வதுபோலக் கூரையின் அடியில் உயர ஏற்றிக் கட்டினால், தலைக்குமேல் கை நீட்டி இறக்க வேண்டும். அது இன்னும் கொடிது. எங்கள் படகு இடுப்பு உயரத்தில் இருக்கிறது.

வடபுறச் சுவரைத் தெரிந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. பாலக்காட்டு வெயிலை நான் விரிக்க வேண்டியதில்லை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் நாள்கள் உண்டு. அவ்வெப்பத்தில் இந்தப் பிளாஸ்டிக் இளகும். இளகிய நிலையில் எங்கே அழுத்தம் விழுகிறதோ அங்கே குழிந்துவிடும். வெயிலின் புறஊதாக் கதிர் பட்டுப் பட்டு நாளடைவில் நொறுங்கவும் செய்யும். ஆதலின் நிழல் வேண்டும். தாங்குமிடமும் அகலமாக இருக்க வேண்டும். மெல்லிய கயிற்றில் தொங்கவிட்டால் கயிறு பதிந்த தடம் படகில் நிலைத்துவிடும். முனைகளில் உள்ள கைப்பிடிகளில் மாட்டித் தொங்கவிடுவதோ படகையே வளைத்துவிடும். நான் நாடாக் கட்டிலுக்குப் போடும் அகன்ற நாடாவை நான்கு மடிப்பாகத் தைத்து இரண்டு தூளிகள் செய்தேன். சுவரில் அறைந்த கொக்கிகளில் அவை மாட்டியிருக்கின்றன. படகின் நீளத்தை நான்காகப் பிரித்து, இரு முனைகளிலிருந்தும் கால்பங்கு தள்ளித் தூளி வரவேண்டும். அப்பொழுது நடுவும் தொய்யாது, முனைகளும் தொங்கா. படகு தன் விலாப்பக்கம் சாய்ந்து, உட்குழிவு சுவரை நோக்கியிருக்கக் கிடக்கிறது. மழைநீர் தேங்க வழியில்லை. அடியில் உள்ள வடிகால் திருகையும் கழற்றியே வைப்பேன். தேங்கிய நீரில் கொசு முட்டையிடுவதைப் பற்றிச் சுகாதாரப் பணியாளர் வந்து சொல்லும் வரையில் காத்திருப்பானேன்?

ஒரு சொல் எச்சரிக்கையாக: இருட்டில் படகின் குழிவுக்குள் கைவிடுவதற்குமுன் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். பல்லியும் குளவிக்கூடும் மட்டுமே எங்கள் வீட்டில் இதுவரை அகப்பட்டவை. ஆனால் கட்டுவிரியன் உலவும் நாடு இது.

இனி ஏற்றும் முறை. சுவரோரச் சந்தில் வண்டியைப் பின்புறமாகச் செலுத்தி, படகின் மூக்குக்கு ஒரு முழம் இடைவெளியில் நிறுத்துவேன். ஆசாரியைக் கொண்டு மரத்தாங்கி ஒன்று செய்து வைத்திருக்கிறேன், இரண்டு கால்களும் குறுக்குச் சட்டமும் உடையது, நெஞ்சுயரம் இருக்கும், சட்டத்தில் பழைய சைக்கிள் டயரைச் சுற்றியிருக்கிறது. என் மனைவி அதனைச் சுமைதாங்கி என்றே அழைப்பாள். முன் தூளியின் ஒரு கொக்கியைக் கழற்றி, மூக்கைத் தாங்கியின்மேல் வைப்பது முதற்செயல். பின்முனை இன்னும் தன் தூளியிலேயே படுத்திருக்கிறது. அங்கே நின்று ஒருமுறை மூச்சு விடலாம். தேநீர் குடித்துவிட்டுக்கூட வரலாம். படகு காத்திருக்கும்.

அடுத்து, வண்டிக்கூரையின் பின்விளிம்பில் தடித்த இரப்பர் விரிப்பைப் போட்டு, தாங்கியிலிருந்து மூக்கை எடுத்து அதன்மேல் ஏற்றுவேன். தாங்கியை ஒதுக்கிவிட்டுப் பின்முனைக்கு வந்து, தூளியை அவிழ்த்து, அம்முனையைக் கையில் வாங்கி முன்னோக்கித் தள்ளுவேன். கணக்கு இங்கேதான் சுவையாகிறது. தொடக்கத்தில் கையில் 17 கிலோ. படகின் கால்பங்கு விளிம்பைத் தாண்டியதும் கைச்சுமை மூன்றிலொன்றாக, சற்றேறக்குறைய 11 கிலோவாகக் குறையும். பாதி தாண்டும்பொழுது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். முழு எடையையும் வண்டி ஏற்றுக்கொண்டிருக்கும். கை உயர உயரச் சுமை தானே குறைகிறது. தோளுக்குமேல் கை போகும் நேரத்தில் தள்ளுவது மட்டுமே வேலை. பத்தாம் வகுப்பு மாணவர்க்குத் துலாக்கோல் கணக்கு கற்பிக்கும்பொழுது இப்படி ஒரு படகு என்னிடம் இருந்திருந்தால் எத்தனை பிள்ளைகள் தேறியிருப்பார்கள்!

கட்டுவதைப் பற்றி இரண்டே குறிப்பு. பட்டைகளை மிக இறுக்கினால், முன்சொன்ன இளக்கத்தால், பொன்னானி சேர்வதற்குள் படகில் பள்ளம் விழுந்துவிடும். அசையாத அளவுக்கு இறுக்கினால் போதும். தட்டையான பட்டை காற்றில் அதிர்ந்து வழியெல்லாம் வண்டாக ரீங்காரமிடும். அதை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் ஒலி நின்றுவிடும். படகு வண்டியின் நீளத்துக்குள் அடங்குகிறதா என்று வாங்குவதற்கு முன்னரே அளந்துவிடுவது நல்லது. உடலுக்கு வெளியே நீளும் சுமையை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பொறுப்பதில்லை.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாலக்காட்டான் என்று சொல்லிக்கொள்ளத் தகுதியில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி நிற்கும் கணவாயில் நாம் குடியிருக்கிறோம். தென்மேற்குப் பருவத்தில் மேலைக்காற்று. திசம்பர் தொடங்கிக் கீழ்த்திசையிலிருந்து வறண்ட காற்று. கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. கூரைமேல் பாதி ஏறிய படகு காற்றுக்குப் பாய்மரம். ஆகையால் மூக்கு கூரையைத் தொட்டவுடன், பின்முனைக்கு ஓடுமுன், அதன் கைப்பிடியில் ஒரு கயிற்றை மாட்டி வண்டியின் கம்பியோடு தளர்வாகப் பிணைத்துவிடுவேன். படகு நழுவினாலும் புரளாது. கீழைக்காற்று வலுத்த நாளில் தென்னைமட்டை விழும் ஓசை கேட்டால், அன்றைய பயணத்தையே விட்டுவிடுவது என் வழக்கம்.

மூணாற்றில் இருக்கும் என் தங்கையின் மகன், இதைக் கண்டுவிட்டுத் தானும் ஒரு படகு வாங்க விரும்புகிறான். எங்கள் ஊரிலிருந்து அங்கே போவதென்றால் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்து வெளிவர வேண்டும். இரண்டு எல்லைகளுக்கும் நடுவே நம் உறவுகள் கிடக்கின்றன. அவனிடம் இருப்பது ஜீப்பு. அதன் மேற்பகுதி காரைவிட உயரமானது. அரை எடையையும் தலைக்குமேல் தூக்க வேண்டிவரும். மலையிலே பிறந்தவனுக்கு நான் சொல்லிய யோசனை, வண்டியை வரப்பின் ஓரமாகப் பள்ளத்தில் நிறுத்து என்பதுதான். அவன் லயத்தின் பின்னால் நாலடி உயரக் கல்வரப்பு இருக்கிறது. அதன்மேல் படகை வைத்தால் ஜீப்பின் கூரைக்கு ஒரு பலகையைச் சாய்த்துத் தள்ளிவிடலாம். அவன் பாட்டி அங்கேதான் சாக்கு வைத்தாள் என்பதையும் சொன்னேன். ஆனால் குண்டளை, மாட்டுப்பட்டி போன்ற அணைநீர்களில் தன் விருப்பப்படி படகு இறக்க இயலாது. உரியவர் அனுமதி வேண்டும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை இடுக்கி மாவட்டத்துத் தமிழர் எவரும் மறந்திருக்க முடியாது. மிதவைச் சட்டை அணியாமல் நீரில் இறங்குவதில்லை என்று அவனிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன்.

தனியே செய்வதுதான் பெருமை என்று நான் நினைப்பதாக எவரும் கொள்ளவேண்டா. எதிர்வீட்டுத் தம்பி கேட்டதும் வருவார். கவலைக்கல் தெருவிலிருந்து சுமைத்தொழில் செய்யும் நண்பர்கள் இருவரும் வருவார்கள். கேரளத்தில் சுமைத்தொழிலாளர்க்கெனத் தனிச்சட்டம் வந்ததும், அத்தொழிலுக்கு ஒரு மதிப்பும் ஒழுங்கும் ஏற்பட்டதும் நன்மைக்கே. அந்நண்பர்களுள் மூத்தவர் என் மரத்தாங்கியைப் பார்த்துவிட்டு, "சாரே, முப்பது வருடம் மூட்டை தூக்கினேன், எடை என்னை ஒன்றும் செய்யவில்லை, குனிந்ததுதான் செய்தது" என்று தமிழும் மலையாளமும் கலந்து சொன்னார். அவர் இப்பொழுது இடுப்பில் பட்டை அணிகிறார். விடியற்காலை 4 மணிக்குப் புறப்படும் என் பொழுதுபோக்குக்காக அத்தகையவர்களை எழுப்ப எனக்கு மனமில்லை, அவ்வளவே. கூரை ஈரமாக இருக்கும் நாளிலும், முதுகில் சிறு பிடிப்பு தோன்றும் நாளிலும் தயங்காமல் அழைத்துக்கொள்கிறேன்.

இறக்குவது ஏற்றுவதன் தலைகீழ் முறை. ஆனால் திரும்பி வரும்பொழுது உடல் சோர்ந்திருக்கும்; படகும் உள்ளே நீர் கொண்டிருக்கும். ஒரு குடம் நீர் என்பது பத்துப் பதினைந்து கிலோ அன்றோ? ஆகவே கரையிலேயே திருகைத் திறந்து, மூக்கை உயர்த்தி, கடைசிச் சொட்டு வரை வடித்துவிட வேண்டும். ஆற்றங்கரை மணலில் இழுத்துச் செல்லவும் கூடாது, அடிப்பாகம் தேயும். சிறு சக்கரங்கள் இரண்டை அச்சில் பூட்டிப் பின்முனைக்கு அடியில் கட்டிக்கொண்டால், மூக்கைப் பிடித்து நடக்கலாம். அங்கும் பாதி எடைதான். வீட்டுக்கு வந்ததும் உப்புநீர் போக நல்ல தண்ணீரில் கழுவி, தூளியில் கிடத்தி, நாடாவின் தையலை விரலால் தடவிப் பார்ப்பேன். பருவமழை முடிந்ததும் கொக்கிகளைத் திருகிப் பார்ப்பதும் உண்டு. ஈரத்தில் சுவர் இளகியிருக்கும்.

சென்ற மாதம் என் மனைவி ஒரு கருத்துச் சொன்னாள். "உங்களுக்கு வயது ஏறுகிறதே தவிர உயரம் ஏறவில்லை, பின் தூளியை நாலு அங்குலம் இறக்கிவிடுங்களேன்" என்றாள். மகனிடம் இதைச் சொன்னபொழுது அவன் சிரித்தான். படகைக் கொடுத்துவிடும்படி அன்று சொல்லவில்லை. திசம்பரில் வருவதாகவும், பெரிய துடுப்பைத் துடைத்து வைக்கும்படியும் சொன்னான். கொத்தனார் வந்து புதிய துளைகள் இட்டுப் போயிருக்கிறார்; பழைய துளைகளைச் சிமிட்டியால் அடைக்க வேண்டும்.